கடலோர விடுதியில் சேகர்

"இன்னா சேகரு, எப்ப வந்தே?"

விடுதியின் கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் என் கணவரைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டார். என் கணவர் பெயர் தணிகாசலம். எங்களுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சவுக்குத் தோப்பும், எங்களை இறக்கிவிட்டுப் போன ஷேர் ஆட்டோவின் புழுதியும்தான் இருந்தன.

"ஆள் தெரியாம பேசுறீங்க" என்று சொல்லிவிட்டு இவர் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

வாட்ச்மேன் கொஞ்ச நேரம் இவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தத் தடவ குடும்பத்தோடயா? நல்லா இரும்மா" என்றார்.

அப்படியென்றால் போன தடவை யாரோடு? அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் கடலோரத்தில் என் முதல் அடியை வைத்தேன்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் வந்ததைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, "கம்பெனி வாழ்க்கையில் உங்களுக்கு நல்லதாக ஒன்றுமே நடக்கவில்லையா?" என்று கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இதை எடுத்தேன். இது நல்லதா என்று கேட்டால், இவ்வளவு வருஷம் கழித்தும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

மிக்சியா, கடலா

அப்போது நான் சுங்குவார்சத்திரம் பக்கத்தில், செல்போனுக்குள் வைக்கிற போர்டு செய்யும் கம்பெனியில் இருந்தேன். வருஷம் முழுக்க லீவு போடாமல் வந்தவர்களுக்கு அந்த ஆண்டு ஒரு பரிசு வைத்திருந்தார்கள். ஒன்று, மிக்சி. இல்லையென்றால் மாமல்லபுரம் தாண்டிக் கடலோரத்தில் ஒரு விடுதியில் ஜோடியாக இரண்டு நாள் தங்கல், சாப்பாட்டோடு.

எங்கள் லைனில் எல்லாரும் மிக்சி வாங்கினார்கள். நான் கடல் என்றேன். சூப்பர்வைசர், "நல்லா யோசிச்சுக்கோம்மா, அங்க மிக்சி தரமாட்டாங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கடல் என்றால் திருச்செந்தூர்தான். அங்கேயும் கும்பலோடு போய், முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு வரிசையில் நிற்பதுதான் கடல். சும்மா உட்கார்ந்து கடலைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் முதலில் சிரித்தார். எந்த இடம் என்று கேட்டார். மாமல்லபுரம் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அங்க இன்னா கீது? எல்லாம் கல்லுதான்" என்றார். மறுநாள் அவர் வேலை பார்த்த ஒரகடம் கம்பெனியில் ஓ.டி. வேலை இருந்தது. அதற்கு மறுநாள் இடுப்பு வலி வந்தது. மிக்சிக்கே மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

கடைசியில் என் மாமியார்தான் அவரை விரட்டினார். "துபாய் கடலப் பாத்தவனுக்கு நம்மூர் கடலு கசக்குதோ? அந்தப் பொண்ணு ஆசப்படுது, கூட்டினு போடா" என்றார். தாய் சொன்ன பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

துபாய் மாப்பிள்ளை

இங்கே துபாய் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் இவர்கள் வீட்டு மாடியில்தான் நானும் இன்னும் சில பெண்களும் வாடகைக்கு இருந்தோம். நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு, அந்தப் பக்கத்தில் பல பேர் போல இவர்களும் மாடியில் வரிசையாக ரூம் கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு விட்டிருந்தார்கள். மாமியாருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. ஒருநாள் என் அப்பாவுக்கு அவரே போன் போட்டுப் பெண் கேட்டார்.

அவர் சொன்ன முதல் வாக்கியமே, "எம் புள்ள துபாய்ல ரெண்டு வருசம் இருந்துட்டு வந்தவன்" என்பதுதான். என் அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் ஊரில் என்னைத் 'துபாய் மாப்பிள்ளைக்கு வாக்கப்பட்டவ' என்றுதான் சொன்னார்கள்.

நான் துபாய்க்காகக் கட்டிக்கொள்ளவில்லை. இவர் சொல்லும் கதைகளுக்காகக் கட்டிக்கொண்டேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். கல்யாணமான புதிதில் எங்கள் ஷிஃப்ட் ஒத்துவரும் நாட்களில், மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடலை ஒட்டிய ஓட்டலில் இவருக்கு வேலை. விடிந்ததும் வெள்ளைக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு ஓடுவார்கள். அந்த ஊரில் ஓரிடத்தில் தொட்டி தொட்டியாக முதலை வளர்க்கிறார்கள். வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும், பொம்மை என்றே நினைத்துவிடுவோம். ஒரு குழந்தையின் தொப்பி உள்ளே விழுந்து முதலையின் முதுகிலேயே உட்கார்ந்துவிட்டது. ஓர் ஆள் நீளக் கழியால் அதை மெதுவாகக் கொக்கி போட்டு எடுத்தான். இன்னோரிடத்தில் ஆளே வராத பழைய கோட்டை. உள்ளே வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். கல்லில் எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும், தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியும்.

இதையெல்லாம் நான் போனில் என் தம்பி இசக்கிமுத்துவுக்கு அப்படியே சொல்லுவேன். அவன் விசைத்தறியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக் கேட்டு அவனுக்குத் துபாய்க் கிறுக்கு பிடித்துவிட்டது. பாஸ்போர்ட் எடுத்தான். தென்காசியில் ஓர் ஏஜென்ட்டையும் பிடித்தான். "அத்தான் சரின்னு சொல்லட்டும், கெளம்பிருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

புலி இல்லாத குகை

சரி, விடுதிக்கு வருகிறேன்.

சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறி மாறி மதியத்துக்கு மேல்தான் போய்ச் சேர்ந்தோம். வெள்ளையடித்த சிறிய வீடுகள். எங்கள் வீட்டு வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். கதவுத் தாழ்ப்பாள், குழாய், வாளிக் கைப்பிடி எல்லாம் உப்புக் காற்றில் துருவேறி இருந்தன. கட்டில் விரிப்பைத் தட்டினால் மணல் உதிர்ந்தது.

சேகர் யார் என்று கேட்டேன். "கெழவனுக்குக் கண்ணு தெரியல" என்றார்.

ஆபீஸில் இருந்தவர் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்லி, ஆட்டோ வேண்டுமா என்று கேட்டார். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்னைச் சவுக்குத் தோப்பு வழியாகவே நடத்திக் கூட்டிப்போனார். யாரிடமும் வழி கேட்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் புலிக்குகைக்கு வந்துவிட்டோம்.

பெயரைக் கேட்டு நான் வேறு என்னவோ நினைத்திருந்தேன். அங்கே குகையும் இல்லை, புலியும் இல்லை. ஒரே பாறையில் குடைந்த மாடம். அதைச் சுற்றிப் பல்லைக் காட்டும் தலைகள். அவையும் புலி மாதிரி இல்லை.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி, சுனாமிக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்த செங்கல் கோயில் ஒன்றைக் காட்டினார். "இத தோண்டசொல்ல இங்க ஒரு டீ கூட கெடைக்காது" என்றார்.

"தோண்டும்போது நீங்க இருந்தீங்களா?"

"பேப்பர்ல போட்டிருந்தான்" என்றார்.

டீ கிடைக்காததையெல்லாம் பேப்பரில் போடுவார்களா என்று யோசித்துக்கொண்டே பின்னால் நடந்தேன். ஒரு மனிதர் நம்மிடம் எதையோ மறைக்கிறார் என்று தெரிகிறது. ஆனால் முள்ளைப் பார்த்து நட என்று நம் கையையும் பிடித்துக்கொள்கிறார். அப்போது நாம் அவரைச் சந்தேகப்படுகிறோமா, நம்புகிறோமா? எனக்குப் பிடிபடவில்லை.

தொட்டி தொட்டியாக

மறுநாள் காலை முதலைப் பண்ணைக்குப் போனோம். அங்கே போக வேண்டும் என்று அடம் பிடித்தது நான்தான்.

உள்ளே நுழைந்தேன். தாழ்ந்த சுற்றுச்சுவர்கள். தொட்டி தொட்டியாக முதலைகள், ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டபடி. ஒன்று வாயைத் திறந்து கல்லாகக் கிடந்தது. பச்சைத் தண்ணீரில் பாசி நாற்றம். சுவர் ஓரத்தில் ஒரு நீளக் கழி சாய்த்து வைத்திருந்தது, நுனியில் வளைந்த கம்பியோடு.

நான் அந்தக் கழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, துபாய்லயும் இப்படித்தான இருக்கும்னு சொன்னீங்க?"

"எல்லா ஊர்லயும் முதல ஒரே மாதிரிதான் இருக்கும் பேச்சி" என்றார்.

அதுவும் நியாயம்தானே என்று தோன்றியது. கழியும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்குமோ?

அந்த நேரம் பார்த்து இசக்கி போன் செய்தான். ஏஜென்ட் அடுத்த வாரம் பம்பாய்க்கு வரச் சொல்கிறானாம். அங்கே வந்ததும் விசாவைக் கையில் தருவானாம். மறுநாளே பாஸ்போர்ட்டைக் கொடுத்தாக வேண்டுமாம். "அத்தான்ட்ட குடுக்கா" என்றான்.

இவர் போனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "நாளைக்குப் பேசுறேன் மச்சான்" என்று சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விடுதியில் மத்தியானத்துக்கு மீன் குழம்பு வைத்திருந்தார்கள். அவர் சாதத்தைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டார்.

அவர் கண்ணசந்த நேரத்தில் நான் கேட்டுக்குப் போனேன்.

வாட்ச்மேன் பெயர் ஏழுமலை. சேகர் யார் என்று நேராகவே கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. முன்பு பக்கத்தில் வேறொரு விடுதி இருந்ததாம், இப்போது மூடிவிட்டார்களாம். அவர் அங்கே வாட்ச்மேன், சேகர் ரூம் பாய். சுனாமிக்கு அப்புறம் இரண்டு வருஷம் இருந்தானாம். தங்கமான பிள்ளையாம். சொந்த ஊரைக் கேட்டால் வாயே திறக்க மாட்டானாம்.

"பொங்கல், தீவாளி எதுக்கும் ஊருக்குப் போ மாட்டான். தேடினும் யாரும் வர்ல. அநாத போலன்னு நெனச்சுக்கினோம். தனியாவே இருந்த புள்ள, இப்ப குடும்பத்தோட வந்துகீறான்னு சந்தோசப்பட்டேன். அவன் என்னைத் தெரியாதுன்றான்" என்றார்.

அநாதை என்றதும் எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது. வீட்டில் அம்மா, அப்பா, தங்கை என்று நிறைந்திருக்கும் மனிதரை எப்படி அநாதை என்கிறார்? அவர் சொன்ன வருஷங்களை மனதுக்குள் ஒட்டிப் பார்த்தேன். என் கணவர் துபாயில் இருந்த வருஷங்கள் அவை. ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருக்க முடியும்? நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்கு விளங்கவில்லை. இவரைப் போலவே ஒருவர் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கோட்டைக்குள்

கிளம்ப வேண்டிய நாள் காலையில் அவராகவே, "சதுரங்கப்பட்டினம் போலாம் வா" என்றார்.

பஸ்ஸில் கல்பாக்கம் பக்கம் போகிற வழி. கடலைப் பார்த்தபடி ஒரு செங்கல் கோட்டை. டச்சுக்காரர்கள் கட்டியதாம். எங்களைத் தவிர ஆளே இல்லை. உள்ளே ஒரு கம்பிக் கதவு. காவலுக்கு இருந்தவரிடம் இவர் ஏதோ சொன்னார், அவர் திறந்துவிட்டார். வரிசையாகக் கல்லறைகள். ஒரு கல்லில் பூவேலை, இன்னொன்றில் கப்பல், நடுவில் நெருக்கமாகப் புடைத்து நிற்கும் எழுத்துகள்.

நான் குனிந்து தடவிப் பார்த்தேன். விரலுக்குத் தெரிந்தது.

"இதான் பேச்சி நான் சொன்ன துபாய்" என்றார்.

நான் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் அந்தக் கம்பிக் கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

ஓர் ஏஜென்ட்டை நம்பிப் பம்பாய் போனாராம். ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர் விசாவுக்குக் காத்துக் கிடந்தார்களாம். ஏஜென்ட் ஒருநாள் வரவில்லை, பிறகு வரவேயில்லை. திரும்பி சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார். ஆனால் ஊருக்குப் போக முடியவில்லை. அவரை அனுப்பும்போது ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் நண்பர்கள் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட அவர் முகமும், பின்னால் விமானமும். தெருவே மாலை போட்டு அனுப்பியது. அந்த ஃபிளெக்ஸை இன்னும் கழற்றியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தாராம். வந்த பஸ்ஸில் ஏறி எதிர்த்திசையில் மாமல்லபுரத்துக்கு வந்துவிட்டார். வேலை கொடுத்தவர் பெயர் கேட்டபோது வாயில் வந்தது சேகர்.

வாரம் ஒருமுறை பிரவுசிங் சென்டரிலிருந்து, எந்த ஊர் நம்பர் என்று தெரியாதபடி இன்டர்நெட் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போன். அம்மா, "இன்னாடா இரைச்சலு?" என்று கேட்டால் கடல் என்பாராம். அது பொய்யில்லை.

இரண்டு வருஷம் கழித்து, சென்னையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் பர்மா பஜாரில் சென்ட், டார்ச், கம்பளி எல்லாம் வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, பஸ் பிடித்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போனார். வீட்டில் வேன் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். துபாய் விமானத்துக் கூட்டம் தள்ளுவண்டிகளோடு வெளியே வரும்போது கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துகொண்டார். அம்மா கட்டிப்பிடித்து, "கறுத்துப் போயிட்டியேடா" என்று அழுதாராம்.

கோபம் வரவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் எதன்மேல் கோபப்படுவது? எனக்குச் சொன்ன கதைகளில் முதலை நிஜம், கோட்டை நிஜம், வெள்ளைக்காரர்களும் நிஜம். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது வாய்க்கு வருவதற்குள் அழுகையாகிவிட்டது. இதை நம்பித்தானே என் அப்பா என்னைக் கொடுத்தார் என்ற நினைப்பு ஒருபக்கம். பொங்கலன்று அந்த விடுதியில் இவர் யாருடைய அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார் என்ற நினைப்பு இன்னொரு பக்கம்.

அப்புறம்தான் இசக்கி நினைவுக்கு வந்தான்.

"அவன் இன்னைக்குப் பாஸ்போர்ட்டக் குடுக்கப் போறான். உங்களுக்குத் தெரியுந்தான?"

"தெரியும். நேத்துலேர்ந்து மனசுல அதான் ஓடினு கீது."

"அப்ப பேசுங்க."

"அவங்கிட்ட சொன்னா உங்க அப்பாவுக்குத் தெரியும். அப்புறம் எங்கம்மாவுக்கு."

"தெரியட்டும். எந் தம்பி யார் பேரையோ சொல்லிக்கிட்டு எங்கயோ கெடக்க வேண்டாம்" என்றேன்.

அவர் போனை வாங்கினார். பட்டன் தப்பித் தப்பி விழுந்தது. நான்தான் அழுத்திக் கொடுத்தேன். கோட்டைச் சுவர் ஓரமாக நடந்துகொண்டே, "மச்சான், நான் துபாய் போனதே இல்ல" என்று ஆரம்பித்தார். மற்றதை நான் கேட்கவில்லை. கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்ட கடல் எதிரில் இருந்தது. அதில் ஒன்றுமே என் கண்ணில் பதியவில்லை.

விடுதிக்குத் திரும்பிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இவர் கேட்டில் நின்றார். "ஏழுமலைண்ணா, எம் பேரு தணிகாசலம்" என்றார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல், "எதா இருந்தா இன்னா, நல்லா இரு" என்றார்.

பிறகு

இசக்கி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு நன்றியும் சொல்லவில்லை. பல மாதம் பேசவே இல்லை. அதற்கும் காரணம் இருந்தது. அதே ஏஜென்ட் மூலம் பம்பாய் போன அவன் கூட்டாளிகள் இருவரும் நல்லபடியாகத் துபாய் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "அத்தான் பயந்ததுக்கு எம் பொழப்பக் கெடுத்துட்டாவ" என்று அம்மாவிடம் சொன்னானாம். நாங்கள் செய்தது சரியா தப்பா? இவர் துபாய்க் கதை சொல்வதையும் நிறுத்திவிட்டார். மாடியில் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எவ்வளவு கோபம் இருந்தும் இசக்கி அந்த விஷயத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து வேறொரு வழியாக, விசாவைக் கண்ணால் பார்த்த பிறகு, அவனும் துபாய் போனான்.

போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். நான் எடுப்பதற்குள் என் மாமியார் எடுத்துவிட்டார். சத்தமாகப் பேசினால்தான் துபாய்க்குக் கேட்கும் என்று ஸ்பீக்கரை வேறு போட்டுக்கொண்டார். என் கணவர் கூடத்தில் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"எங்க தணிகா இருந்த எடத்துக்குப் பக்கத்துலதான் கீறியா கண்ணு?" என்று மாமியார் கேட்டார்.

நான் சமையற்கட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். இவர் கையில் சவரக்கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது.

"ஆமா அத்த, பக்கத்துலதான்" என்றான் கொஞ்சம் பொறுத்து. "அத்தானத் தெரிஞ்ச ஆளுக இன்னும் இங்க இருக்காவ. நல்லா வேல பாப்பாவளாம். ரொம்ப விசாரிச்சாவன்னு சொல்லுங்க."

மாமியார் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே மகன் பக்கம் திரும்பினார். "டேய், கேட்டியா" என்றார்.

இவர் நுரை காய்ந்த முகத்தோடு தலையை மட்டும் ஆட்டினார்.

மாமியார் இப்போது இல்லை. இதை எழுதட்டுமா என்று இவரிடம் கேட்டேன். "எழுது. ஏழுமலைண்ணன் பேர மட்டும் தப்பா போட்டுறாத" என்றார்.